ஊழல் அரசியலைக் கிண்டல் செய்யும் பாட்டுகளைக் கேட்டு யாராவது திருந்தியிருக்கிறார்களா?

நீங்கள் ஹெட்போனில் பாட்டு கேட்கிற ஆள் என்று நினைக்கிறேன். நான் குழாய் கட்டி ஊரைக் கேட்க வைக்கிறவன். துறையூர் பக்கம் மைக்செட் கடை. பாட்டு ஓடும்போது எதிரே இருக்கிற முகங்களைப் பார்த்துப் பார்த்துச் சொல்கிறேன், திருந்தினவர் ஒருத்தர்கூட என் கண்ணில் பட்டதில்லை.

கோவன் பாட்டையே எடுத்துக்கொள்ளுங்கள். மக்கள் கலை இலக்கியக் கழகத்துக்காரர். 2003இலிருந்து மதுக்கடையை அரசே டாஸ்மாக் மூலம் நடத்துகிறதே, அதை நக்கலடித்து 2015இல் பாடினார். அன்றைய முதல்வர் குடியிருந்த போயஸ் தோட்டத்தையே பேர் சொல்லி இழுத்திருப்பார். வாட்ஸ்அப்பில் பிய்த்துக்கொண்டு ஓடியது.

அந்தச் சமயம் ஒரு காதுகுத்துக்கு செட் போட்டிருந்தேன். மொய் மேசைக்குப் பக்கத்து நாற்காலியில் டாஸ்மாக் பாரை ஏலம் எடுத்து நடத்துகிறவர். தண்ணீர் பாக்கெட்டுக்கும் சுண்டலுக்கும் இரட்டை விலை வாங்குகிற மகராசன். பென்டிரைவில் அந்தப் பாட்டு வந்துவிட்டது. சண்டைக்கு வருவாரோ என்று வால்யூம் திருகிலேயே கையை வைத்திருந்தேன். மனுஷன் தொடையைத் தட்டிச் சிரிக்கிறார். "நல்லா கேட்டான்யா அவனுங்கள! தம்பி, இன்னொரு தடவ போடு" என்று ஐம்பது ரூபாய் வேறு நீட்டினார். வாங்கிக்கொண்டேன்.

பாட்டு திட்டுவது அடுத்தவனைத்தான் என்று எல்லாருமே கேட்கிறார்கள். 'இது நம்மைத்தான்' என்று சரியாகப் புரிந்துகொண்டது, எனக்குத் தெரிந்து, அரசாங்கம் ஒன்றுதான். அக்டோபர் 30 விடிவதற்குள் திருச்சியில் வீடு புகுந்து கோவனைத் தூக்கினார்கள். தேசத்துரோக வழக்கு, 124ஏ. அதுவரை கேட்காதவர்களும் என் கடைக்கு வந்து பாட்டை ஏற்றிக்கொண்டு போனார்கள். ஜாமீனில் வந்தவரை 2018இல் ரத யாத்திரையைக் கிண்டலடித்த பாட்டுக்காக மறுபடி பிடித்தார்கள்.

2016 மே மாதம் 500 கடையை மூட உத்தரவு போட்டார்களே என்பீர்கள். அந்தத் தேர்தலில் இரண்டு பெரிய கட்சியுமே மதுவிலக்கு பேசின. பாட்டுக்கும் அதில் கொஞ்சம் பங்கு இருக்கலாம், இல்லை என்று சொல்லவில்லை.

உடனே 'நீ எந்தக் கட்சி' என்று வராதீர்கள். எல்லாக் கொடிக்கும் வயர் இழுக்கிறவன் நான். குடிப்பேன், அதையும் சொல்லிவிடுகிறேன்.

கேள்விக்குச் சம்பந்தமில்லைதான், இருந்தாலும் சொல்கிறேன். ஊழலை ஒழிப்போம் என்று ஒரு கட்சி எங்கள் ஊரில் பொதுக்கூட்டம் போட்டது. பாக்ஸ், ஜெனரேட்டர், மேடை விளக்கு எல்லாம் என்னுடையது. காசு கேட்டால் ஒன்றியம் 'பொருளாளரைப் பார்' என்கிறது, பொருளாளர் 'மாவட்டத்திலிருந்து வரணும்' என்கிறார். இன்னும் வரவில்லை. அடுத்த கூட்டத்துக்கும் என்னைத்தான் கூப்பிடுவார்கள். முன்பணம் கைக்கு வராமல் கடைக் கதவைத் திறக்கப்போவதில்லை.