பழைய நீர்த்தேக்கத்தை விளையாட்டு மைதானம் ஆக்கலாமா?

கேள்வி: எங்கள் நகரத்தின் நடுவே பயன்பாட்டில் இல்லாத பழைய நீர்த்தேக்கம் ஒன்று புதர் மண்டிக் கிடக்கிறது. அதைப் பிள்ளைகளுக்கு விளையாட்டு மைதானமாக்கினால் என்ன?

வேண்டாம் என்பேன். நான் குடியிருக்கும் நியூயார்க்கிலும் இதே பேச்சு எழுந்தது.

நகரின் புரூக்ளின், குயின்ஸ் என்ற இரு பகுதிகளும் சேரும் மேட்டில் இருக்கிறது ரிட்ஜ்வுட் நீர்த்தேக்கம். புரூக்ளின் தனி நகரமாக இருந்த 1858இல், அதன் குடிநீருக்காக உருவானது. லாங் ஐலண்ட் தீவின் ஓடைகளிலிருந்து வந்த தண்ணீரை எந்திரம் வைத்து மேலே ஏற்றினார்கள். குழாய் போன தெருவுக்கு இன்றும் ‘ஃபோர்ஸ் டியூப் அவென்யூ’ (அழுத்தக் குழாய்த் தெரு) என்றுதான் பெயர். 1959இல் அன்றாடப் பயன்பாடு நின்றது.

அதன்பின் அங்கே யாரும் மரம் நடவில்லை. காற்றும் பறவையும் கொண்டுவந்த விதைகளே முளைத்தன. நீர்த்தேக்கத்தின் மூன்று தொட்டிகளில் இரண்டு காடாகிவிட்டன. நடுத்தொட்டியில் மட்டும் தண்ணீர் நிற்கிறது. வேலியோரம் நின்று பார்த்திருக்கிறேன்: சரிவான கற்சுவரின் இடுக்கில் வேர்விட்ட பிர்ச் மரம், வெளிறிய பட்டையோடு வெளிச்சத்தை நோக்கிச் சாய்ந்து நிற்கிறது. நாணலுக்குள்ளிருந்து ஒரு வாத்து நீந்தி வந்து, ஆள் நிழலைக் கண்டதும் திரும்பிவிட்டது. சற்றுத் தள்ளி வண்டிகள் இரைந்துகொண்டிருந்தன.

2004இல் இடம் பூங்காத் துறையின் கைக்கு வந்தது. காட்டின் ஒரு பகுதியை அழித்து மைதானம் அமைக்கும் யோசனையும் கூடவே வந்தது. சுற்றியிருந்த மக்கள் விடவில்லை. 2008இல் நகரத்தின் தலைமைக் கணக்கு அதிகாரி வில்லியம் தாம்சன் அந்தத் திட்டத்தின் வடிவமைப்பு ஒப்பந்தத்துக்கு ஒப்புதல் தர மறுத்தார். 2018இல் நீர்த்தேக்கம் அமெரிக்காவின் தேசிய வரலாற்று இடங்களின் பதிவேட்டில் ஏறியது.

பிள்ளைகளுக்கு மைதானம் தேவை, அதில் எனக்கு மறுப்பே இல்லை. ஆனால் நீர்த்தேக்கத்தை ஒட்டிய ஹைலண்ட் பூங்காவிலேயே ஆடுகளங்கள் இருக்கின்றன. இருப்பதை முதலில் செப்பனிட வேண்டாமா? மைதானத்தை ஓராண்டில் அமைத்துவிடலாம். அரை நூற்றாண்டாகத் தானே வளர்ந்த காட்டை எந்த ஒப்பந்ததாரர் கொண்டுவந்து தருவார்?

அப்படியே விட்டுவிட்டாலும் போதாது. அயல் கொடிகள் மரத்தின் மேலேறி மூடிவிடும். ஆள் வைத்து அறுத்துக்கொண்டே இருக்க வேண்டும். நடைபாதை கரையைச் சுற்றி மட்டும் போகட்டும், உள்ளே இறங்க வேண்டாம்.

உங்கள் ஊரில் திட்டம் தீட்டுவதற்கு முன் ஓராண்டு பொறுக்கச் சொல்லுங்கள். நாலு பேர் சேர்ந்து மாதந்தோறும் கரையைச் சுற்றி, கண்ணில் பட்ட பறவைகளையும் மரங்களையும் நோட்டில் எழுதுங்கள். கருத்துக்கேட்புக் கூட்டத்துக்கு அந்த நோட்டோடு போங்கள்.