தப்பி வந்தவனுக்கு ஏன் நித்திரை வரவில்லை?

கேள்வி: அக்கா, தை மாதம் கொழும்பிலிருந்து வந்த மச்சான்மாரோடு நிலாவெளியில் குளிக்கப் போனேன். இடுப்பளவு தண்ணீரில்தான் நின்றேன், எப்போது கால் தட்டுப்படாமல் போனதென்றே தெரியவில்லை. கரையில் நின்ற மீனவர் ஐயா ஒருவர் வெறும் பிளாஸ்டிக் கானைக் கயிற்றில் கட்டி எறிந்து என்னை இழுத்தெடுத்தார். மூன்று மாதமாகிறது. இன்னும் வாளித் தண்ணீரைத் தலையில் ஊற்றினால் மூச்சு முட்டுகிறது, நித்திரை இல்லை. அம்மா கோணேசருக்கு நேர்த்தியும் முடித்துவிட்டா. எல்லோரும் "உயிர் கிடைச்சதே பெரிசு, சந்தோஷமா இரு" என்கிறார்கள், எனக்கோ எரிச்சல்தான் வருகிறது. எனக்கு விசரா?
- பெயர் வேண்டாம், உவர்மலை

பதில்: விசர் இல்லை தம்பி. கரையில் பத்திரமாக இருக்கிறோம் என்பது உங்கள் புத்திக்குத் தெரியும், முகத்தில் தண்ணீர் விழுந்தவுடன் உடம்பு அதை நம்ப மறுக்கிறது. அம்மாவின் நேர்த்தி அம்மாவின் பயத்தை ஆற்றியிருக்கும், உங்களுடையது இன்னும் வரிசையில் நிற்கிறது. இங்கே 2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பிறகு கடற்கரைப் பக்கமே போகாமல் வருடக்கணக்காக இருந்தவர்கள் எத்தனை பேர்! அவர்களெல்லாம் நன்றி கெட்டவர்களா என்ன? "சந்தோஷமா இரு" என்பவர்களிடம் நானும் எரிந்துதான் விழுந்திருப்பேன்.

திடுக்கிடுவதும் கோபம் வருவதும் முதல் சில கிழமைகளில் பலருக்கு வந்து தானாகத் தணியும். ஒரு மாதம் தாண்டியும் தணியாவிட்டால் வைத்தியரிடம் போகவேண்டும், உங்களுக்கோ மூன்று மாதம். அரச ஆஸ்பத்திரியில் மனநல வைத்தியரைக் கேளுங்கள், காசு தேவையில்லை. நடந்ததைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கதைக்கவைத்தே பயத்தைக் குறைக்கும் சிகிச்சை இருக்கிறது. நேரில் போகக் கூச்சமென்றால் முதலில் மனநல உதவி இலக்கமான 1926க்கு அழைத்துக் கதையுங்கள். நித்திரைக்காகச் சாராயம் மட்டும் வேண்டாம், அது நித்திரையை இன்னும் குழப்பும்.

அப்புறம், "நான் கவனமாக இருந்திருந்தால்" என்று உள்ளுக்குள் அரித்தால் இதையும் கேளுங்கள். அலை கரைக்குத் தள்ளும் தண்ணீர் திரும்பிப் போகவேண்டுமே, அது மணல்திட்டில் ஒரு இடைவெளி பார்த்து ஆறு போலக் கடலுக்குள் ஓடும், நல்ல நீச்சல்காரராலும் அதை எதிர்த்து நீந்த முடியாது. மச்சான்மாரையும் குறை சொல்லாதீர்கள், தையில் அவர்கள் பக்கத்துக் கடல் அமைதியாகக் கிடக்கும், நம் பக்கம் வாடைக்காற்றில் கொந்தளிக்கும், அது அவர்களுக்கு எங்கே தெரியப்போகிறது.

கேள்வி: கடல் இழுத்தால் என்ன செய்வது?
- ஒரு தாய், குச்சவெளி

பதில்: அந்த ஓட்டம் கீழே அமுக்காது, வெளியேதான் கொண்டுபோகும். அதனால் மல்லாந்து மிதந்து கையைக் காட்டவேண்டும், முடிந்தால் கரையோடு பக்கவாட்டில் நீந்தி ஓட்டத்தைவிட்டு விலகியபின் கரைக்குத் திரும்பலாம். கரையில் நிற்பவர் பின்னால் பாயக்கூடாது, அந்த ஐயா செய்தது போலக் கயிறோ கானோ எறியவேண்டும். வெளியே எடுத்தவரைத் தலைகீழாகத் தூக்கிச் சுற்றுவது, வயிற்றை அமுக்குவது எல்லாம் வேண்டாம். மூச்சில்லை என்றால் உடனே வாயோடு வாய் வைத்து ஊதி நெஞ்சை அழுத்தத் தொடங்குங்கள், இன்னொருவர் 1990க்கு அழைத்து அம்புலன்ஸைக் கூப்பிடட்டும். எழும்பி நடந்தாலும் இருமலோ மூச்சுத்திணறலோ இருந்தால் அன்றே ஆஸ்பத்திரி, "நாளைக்குப் பார்ப்போம்" கிடையாது.