சி ஷார்ப்பில் லிங்க் கற்க முதலில் எஸ்க்யூஎல் தெரிந்திருக்க வேண்டுமா? ஃபார்ஈச் லூப்பிலேயே பழகிய எனக்கு லிங்க் பிடிபடவில்லை. எங்கிருந்து தொடங்குவது?

லிங்க் (LINQ) என்பது லிஸ்ட், டேபிள் போன்றவற்றிலிருந்து வேண்டியதை எடுக்கவும் வடிகட்டவும் சி ஷார்ப்புக்குள்ளேயே இருக்கும் வசதி. டேட்டாபேஸிடம் கேட்கும் மொழியான எஸ்க்யூஎல் (SQL) தெரியாமலேயே அதைத் தொடங்கலாம். டேட்டாபேஸ் பக்கமே இப்போதைக்குப் போக வேண்டாம். நாலைந்து எண்கள் உள்ள ஒரு சாதாரண லிஸ்ட் போதும். நான் இதற்கு நேர்மாறாகப் போனேன். எஸ்க்யூஎல் நன்றாகத் தெரியும் என்ற தைரியத்தில், முதல் நாளே லிங்க்கை டேட்டாபேஸோடு இணைத்து எழுத ஆரம்பித்துவிட்டேன். அதில் பட்ட பாட்டைக் கீழே சொல்கிறேன்.

முதலில் ஒன்றைச் சரிபார்த்துக்கொள்ளுங்கள்: லாம்டா, அதாவது பெயர் வைக்காமல் அந்த இடத்திலேயே எழுதும் சிறு மெத்தட், உங்களுக்குத் தடுமாறாமல் வருகிறதா? 2007 நவம்பரில் சி ஷார்ப் 3.0 வந்தபோது லிங்க்கோடு சேர்ந்து லாம்டா, எக்ஸ்டென்ஷன் மெத்தட், பெயரில்லா டைப், 'வார்' எல்லாம் ஒரே மூட்டையாக வந்தன. லிங்க் இயங்க அவை தேவைப்பட்டன. அதனால் வடிகட்டும் 'வேர்' (Where), ஒவ்வொன்றையும் வேண்டிய வடிவுக்கு மாற்றித் தரும் 'செலக்ட்' (Select) இரண்டும் புரியவில்லை என்று சொல்லும் பலருக்கு, உள்ளே இருக்கும் லாம்டாதான் இடறுகிறது. ஒரு மெத்தடையே இன்னொரு மெத்தடுக்குள் பொருளாக அனுப்புகிறோம் என்பது மனதில் பதிந்துவிட்டால் பாதி வேலை முடிந்தது.

லிங்க்கை 'ஃப்ரம்' என்று தொடங்கியும் எழுதலாம், புள்ளி வைத்து மெத்தட்களைக் கோத்தும் எழுதலாம். முதல் வடிவத்தை கம்பைலர் இரண்டாவதாக மாற்றிக்கொள்கிறது. எனவே மெத்தட் வடிவத்தையே பழகுங்கள். இரண்டு தொகுப்புகளை இணைக்கும் ஜாயின் இரண்டு மூன்று வரும்போது மட்டும் 'ஃப்ரம்' வடிவம் படிக்கச் சுகமாக இருக்கும். எஸ்க்யூஎல்லில் முதலில் வரும் 'செலக்ட்' அங்கே கடைசிக்குப் போனதற்கும் காரணம் உண்டு. எதிலிருந்து எடுக்கிறோம் என்று முதலிலேயே சொன்னால்தான், புள்ளி வைத்த உடனே எடிட்டரால் சரியான பெயர்களை எடுத்துக் காட்ட முடியும்.

சரி, இப்போது முக்கியமான இடத்துக்கு வருவோம். இதை அவசியம் கையால் செய்து பாருங்கள். 35, 72, 48, 90 என்று நாலு மதிப்பெண்கள் உள்ள ஒரு லிஸ்ட். அதில் 50க்கு மேல் உள்ளவை வேண்டும் என்று 'வேர்' போட்டு ஒரு வேரியபிளில் வையுங்கள். அதற்கு அடுத்த வரியில் லிஸ்ட்டில் 65ஐச் சேருங்கள். அப்புறம் ஃபார்ஈச் வைத்து அந்த வேரியபிளை அச்சிடுங்கள். 72, 90 என்று இரண்டு எண்கள்தான் வரும் என்று தோன்றும். ஆனால் 72, 90, 65 என்று மூன்று வரும்.

க்வெரியை, அதாவது அந்த 'வேர்' வரியை, எழுதிய பிறகு சேர்த்த 65 எப்படி உள்ளே வந்தது? அந்த வேரியபிளில் விடை இல்லை, கேள்வி மட்டும்தான் இருக்கிறது. யாராவது விடையை எடுக்க வரும்போதுதான் அது ஓடுகிறது. இரண்டு முறை எடுத்தால் இரண்டு முறை ஓடும். 'டூலிஸ்ட்' போட்டால் அந்த நொடியில் ஓடி, விடை ஒரு புது லிஸ்ட்டாகக் கைக்கு வரும். 'கவுண்ட்', 'ஃபர்ஸ்ட்', 'எனி' எல்லாமே அழைத்த உடனே ஓடக்கூடியவை. எந்த வரியில் க்வெரி எழுதப்படுகிறது, எந்த வரியில் ஓடுகிறது என்று விரல் வைத்துக் காட்ட முடிகிறவரை அடுத்ததற்குப் போகாதீர்கள்.

நான் பட்ட பாடு இதிலிருந்துதான் வந்தது. ஆர்டர்கள் எல்லாவற்றையும் தரும் மெத்தட் ஒன்றை எழுதி, அது ஐஇன்யூமரபிள் (IEnumerable, ஒவ்வொன்றாக எடுக்கக்கூடிய வரிசை) திருப்பித் தரும்படி வைத்திருந்தேன். வெளியே அதன்மேல் 'வேர்' போட்டு இன்றைய ஆர்டர்களை மட்டும் எடுத்தேன். என் கணினியில் சில நூறு வரிகள்தான், சொடுக்கும் நேரத்தில் வந்தது. உண்மையான டேட்டாபேஸில் பல லட்சம் வரிகள் இருந்தன, பக்கம் திறக்கவே மாட்டேன் என்றது. டேட்டாபேஸுக்குப் போன எஸ்க்யூஎல்லை எடுத்துப் பார்த்தால், அதில் தேதி நிபந்தனையே இல்லை. மொத்த டேபிளும் என் ப்ரோக்ராமுக்கு வந்து, அதன்பிறகே வடிகட்டப்பட்டிருக்கிறது. அதுவும் அதே க்வெரியை முதலில் 'எனி', பிறகு 'கவுண்ட்', பிறகு ஃபார்ஈச் என்று மூன்று முறை ஓட விட்டிருந்தேன். மெத்தட் தருவதை ஐக்வெரியபிள் (IQueryable) என்று மாற்றி, கடைசியில் ஒரே ஒரு 'டூலிஸ்ட்' வைத்ததும் சரியாயிற்று.

ஐஇன்யூமரபிள், ஐக்வெரியபிள் இரண்டுக்கும் எழுத்தில் பெரிய வித்தியாசம் தெரியாது, உள்ளே நடப்பது முற்றிலும் வேறு. ஐஇன்யூமரபிளில் உங்கள் லாம்டா, நினைவகத்தில் நேரடியாக ஓடும் கோட். ஐக்வெரியபிளில் அதே லாம்டா ஓடுவதில்லை. எக்ஸ்பிரஷன் ட்ரீ என்ற மர வடிவில் நிற்கிறது. டேட்டாபேஸோடு பேச உதவும் என்டிட்டி ஃப்ரேம்வொர்க் போன்ற ஒரு லைப்ரரி அந்த மரத்தைப் படித்து எஸ்க்யூஎல்லாக மாற்றுகிறது. அந்த லாம்டாவுக்குள் நீங்களே எழுதிய மெத்தடை அழைத்தால், அதை எஸ்க்யூஎல்லில் எப்படிச் சொல்வது என்று அதற்குத் தெரியாது. என்டிட்டி ஃப்ரேம்வொர்க் கோரின் பழைய பதிப்புகள் இந்த நிலையில் லாகில் ஓர் எச்சரிக்கையை எழுதிவிட்டு, வரிகளை நினைவகத்துக்கு இழுத்து அங்கே வடிகட்டின. 2019இல் வந்த 3.0 முதல், 'வேர்' போன்ற இடங்களில் இப்படி இருந்தால் பிழை சொல்லி நிறுத்திவிடுகிறது. புதிதாகப் பழகுபவருக்கு இந்தப் பிழைச் செய்தி பெரிய உபகாரம்.

இந்தக் கட்டத்துக்கு வந்ததும் எஸ்க்யூஎல் கட்டாயம் வேண்டும். லிங்க் அதை மறைத்துவிடும், படிக்கத் தேவையில்லை என்று சிலர் சொல்வார்கள், நம்பாதீர்கள். என்டிட்டி ஃப்ரேம்வொர்க் கோர் 5.0 முதல் 'டூக்வெரிஸ்ட்ரிங்' என்ற மெத்தட் இருக்கிறது. அது போகப்போகும் எஸ்க்யூஎல்லை அப்படியே எழுதிக் காட்டும். தொடக்கத்தில் ஒவ்வொரு க்வெரிக்கும் அதைப் போட்டுப் படியுங்கள்.

உங்கள் பழைய லூப்களை எல்லாம் லிங்க்காக மாற்றவும் கிளம்ப வேண்டாம். ஒரு வேலையைச் செய்யும் லூப் லூப்பாகவே இருக்கட்டும். எடுப்பது, வடிகட்டுவது, தொகுப்பது என்றால் மட்டும் லிங்க்.

எனக்கு எல்லாம் தெளிந்தது ஒரே ஒரு பயிற்சியில். கேட்கும்போது மட்டும் ஒவ்வொரு மதிப்பாகத் தரும் 'யீல்டு ரிட்டர்ன்' வைத்து 'வேர்', 'செலக்ட்' இரண்டையும் வேறு பெயரில் நானே எழுதினேன், ஒவ்வொன்றும் சில வரிகள்தான். இரண்டிலும், கையில் வரும் எண்ணை அச்சிடும் ஒரு வரியைச் சேர்த்தேன். லிஸ்ட்டில் 3, 8, 5. நாலுக்கு மேல் உள்ளதை எடுத்து இரட்டிப்பாக்க வேண்டும். மூன்றும் முதலில் 'வேர்' வழியாகப் போய்விட்டு அப்புறம் 'செலக்ட்' வரும் என்றுதான் நினைத்திருந்தேன். திரையில் வந்தது: வேர் 3, வேர் 8, செலக்ட் 8, பிறகு வேர் 5, செலக்ட் 5. ஒவ்வொரு எண்ணும் தனியாக முழு வழியையும் கடந்த பிறகே அடுத்த எண் உள்ளே வருகிறது. கடைசியில் 'ஃபர்ஸ்ட்' சேர்த்து மறுபடி ஓட்டினேன். வேர் 3, வேர் 8, செலக்ட் 8. அதோடு நின்றுவிட்டது, 5ஐத் தொடவே இல்லை.