41 வயதில் வக்கீல், பிறகு நீதிபதியா?

சென்னையில் வங்கி வேலையில் பதினைந்து ஆண்டு இருந்துவிட்டு, கணவருக்கு வேலை மாறியதால் ஆறு மாதத்துக்கு முன்பு இங்கிலாந்தின் ரெடிங் நகரத்துக்கு வந்து சேர்ந்திருக்கிறீர்கள். வயது 41. நீதிபதியாக வேண்டும் என்பது பள்ளிக்கூட நாளிலிருந்தே ஆசை, வீட்டில் பி.காம். போதும் என்றுவிட்டார்கள். இங்கிலாந்திலேயே தொடங்குவதா, ஊருக்குத் திரும்பிச் சட்டக் கல்லூரியில் சேர்வதா என்பது உங்கள் கேள்வி. "அக்கா, கேட்டவர்கள் எல்லோரும் சிரிக்கிறார்கள்" என்றும் எழுதியிருந்தீர்கள். நான் சிரிக்க மாட்டேன். 38 வயதில் சட்டப் புத்தகத்தைக் கையில் எடுத்து, 44 வயதில் இங்கிலாந்தில் சாலிசிட்டர், அதாவது கட்சிக்காரருக்கு ஆலோசனை சொல்லி ஆவணம் தயாரிக்கும் வக்கீல், ஆனவள் நான். இப்போது 57. நீதிபதி ஆகவில்லை, அந்தக் கதையும் வருகிறது.

இதை மயிலாப்பூரில் அம்மா வீட்டு மாடியில் உட்கார்ந்து எழுதுகிறேன். நேற்று ஒரு நோட்டரி கையெழுத்துக்காக பாரிமுனை வரை போக வேண்டியிருந்தது. உயர் நீதிமன்றத்தின் சிவப்புக் கட்டடத்தைப் பார்த்தால் எனக்கு இன்றும் வயிற்றில் ஏதோ புரளும். கறுப்பு கோட்டும் வெள்ளைப் பட்டையுமாகத் தெருவைக் கடந்தவர்களில் இரண்டு மூன்று பேருக்கு என் வயதிருக்கும். எனவே, சென்னையில் நடுவயதில் வக்கீல் ஆக முடியாது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். நீதிபதி ஆவதுதான் வேறு கணக்கு.

அந்தக் கணக்கைப் போட்டுவிடுவோம். மூன்றாண்டுப் படிப்பு முடிக்கும்போது உங்களுக்கு 44. மாவட்ட நீதிபதிப் பதவிக்கு நேரடியாக விண்ணப்பிக்க ஏழாண்டு வக்கீலாக இருந்திருக்க வேண்டும், அப்போது 51. தமிழ்நாட்டில் அதற்குப் பொதுப் பிரிவில் உச்ச வரம்பு ஐம்பதுக்குள்ளேயே முடிந்துவிடுகிறது. இட ஒதுக்கீட்டுப் பிரிவினருக்குக் கிடைக்கும் சலுகையும் 51 வரை வராது. சிவில் நீதிபதித் தேர்வின் வயது வரம்பு இன்னும் கீழே. அதோடு, 2025 மே மாதத்தில் உச்ச நீதிமன்றம் அந்தத் தேர்வுக்கு மூன்றாண்டு வக்கீல் அனுபவம் கட்டாயம் என்று மறுபடி கொண்டுவந்துவிட்டது. உயர் நீதிமன்றத்துக்கு அரசியல் சாசனம் உச்ச வயது எதுவும் சொல்லவில்லை, பத்தாண்டு அனுபவம் கேட்கிறது. 54 வயதில் தகுதி வரும், 62இல் ஓய்வு. அதற்கு விண்ணப்பப் படிவமும் கிடையாது; கொலீஜியம் என்ற மூத்த நீதிபதிகள் குழு பார்த்துப் பெயரைப் பரிந்துரைக்க வேண்டும். முப்பது வருடம் வழக்காடியவர்கள் வரிசையில் நிற்கும்போது உங்கள் பக்கம் யார் திரும்புவார்கள்?

இங்கிலாந்தில் கணக்கு வேறு. நீதிபதிகளின் ஓய்வு வயதை 2022இல் 75 ஆக உயர்த்தினார்கள். தீர்ப்பாய நீதிபதி, துணை மாவட்ட நீதிபதி போன்ற தொடக்கப் பதவிகளுக்குச் சாலிசிட்டராகவோ முக்கியமாக நீதிமன்றத்தில் வாதாடும் பாரிஸ்டராகவோ தகுதி பெற்று ஐந்தாண்டு ஆகியிருந்தால் போதும். முதலில் நாள் கணக்கில் ஊதியம் பெறும் பகுதி நேரப் பதவி. சொந்த வேலையை விட வேண்டியதில்லை. அந்த அனுபவம் இல்லாமல் முழுநேரப் பதவிக்குப் போவது அரிது. பலருக்குத் தெரியாத ஒன்று: இதற்கு பிரிட்டிஷ் பாஸ்போர்ட் தேவையில்லை. காமன்வெல்த் நாட்டுக் குடியுரிமை இருந்தால் போதும், இந்தியா அதில் இருக்கிறது.

சாலிசிட்டர் ஆகும் வழியும் என் காலத்தைவிட நேரானது. 2021 முதல் எஸ்.க்யூ.இ. என்ற பொதுத் தேர்வு. எந்தப் பாடத்தில் பட்டம் வாங்கியிருந்தாலும் எழுதலாம், உங்கள் பி.காம். அங்குள்ள பட்டத்துக்கு இணையானது என்று மட்டும் காட்ட வேண்டும். முதல் கட்டத்தில் 360 கேள்விகள், விடையைத் தேர்ந்தெடுக்கும் வகை. இரண்டாம் கட்டம் கட்சிக்காரரிடம் பேசுவது, வாதாடுவது, ஆவணம் எழுதுவது. இரண்டுக்கும் கட்டணம் மட்டும் 5,000 பவுண்டை நெருங்குகிறது, பயிற்சி வகுப்புக்குத் தனியாகக் கொடுக்க வேண்டும். ஆறாண்டுக்குள் மூன்று முறைதான் முயலலாம். முதல் கட்டம் எளிது என்று நினைத்துவிடாதீர்கள், எழுதுவோரில் ஏறத்தாழப் பாதிப் பேர் அதிலேயே விழுகிறார்கள்.

ஆனால் என்னை வாட்டியது பரீட்சை இல்லை. இரண்டாண்டுப் பணி அனுபவம். எத்தனை நிறுவனங்களுக்கு எழுதினேன் என்ற எண்ணிக்கையை ஒரு கட்டத்தில் விட்டுவிட்டேன். கடைசியில் வீட்டு வாடகை வழக்குகள் பார்க்கும் ஒரு சின்ன அலுவலகம் சேர்த்துக்கொண்டது. எனக்கு 42, என் மேற்பார்வையாளருக்கு 29. நீதிமன்றக் கோப்புக்கு நானூறு பக்கம் எண் போட்டுக் கொடுத்தால், "பின் பக்கம் விட்டுப்போயிற்று" என்று திருப்பித் தருவார். சென்னையில் என் மாமாவிடம் இருந்த வக்கீல் குமாஸ்தா இதைக் கண்ணை மூடிக்கொண்டு செய்வார் என்று நினைத்துக்கொள்வேன். அந்த மேற்பார்வையாளர் பெண்ணிடம்தான் நான் தொழில் கற்றேன், இன்றும் நல்ல தோழி. நீங்கள் பதினைந்து வருடம் பத்துப் பேருக்கு வேலை சொல்லிப் பழகியவர். மறுபடி ஜூனியராக நிற்க மனம் வருமா என்பதை இப்போதே யோசியுங்கள். சென்னையிலும் அது உண்டு. சென்னை ஜூனியர்களுக்கு மாதம் 20,000 ரூபாயாவது கொடுங்கள் என்று சொல்ல 2024இல் உயர் நீதிமன்றமே வர வேண்டியிருந்தது.

உங்களுக்கு ஒரு வசதி: இந்த அனுபவத்தை நான்கு இடங்கள் வரை பிரித்துச் சேர்க்கலாம், தேர்வுக்கு முன்பே தொடங்கலாம். இலவச சட்ட ஆலோசனை மையத்தில் சம்பளமில்லாமல் செய்ததும், ஒரு சாலிசிட்டர் உறுதி செய்தால், கணக்கில் வரும். வங்கியில் கடன் பத்திரங்கள் பார்த்த அனுபவத்தை விண்ணப்பத்தில் கூச்சப்பட்டு ஒளிக்காதீர்கள். நான் பழைய கணக்கு வேலையை ஒளித்தேன், முட்டாள்தனம்.

என் நீதிபதிக் கதை சிறியது. 50 வயதில் விண்ணப்பித்து, கணினியில் நடக்கும் முதல் தேர்விலேயே வெளியேறினேன். 53இல் தேர்வின் கடைசிக் கட்டம் வரை போனேன். அங்கே ஒரு நாடகம் உண்டு. நடிகர்கள் கட்சிக்காரர்களாக வந்து சண்டை போடுவார்கள், நாம் நீதிபதியாக நடத்த வேண்டும். கேள்வி விவரத்தை வெளியே சொல்லக் கூடாது. நான் செய்த தப்பைச் சொல்லலாம்: பேசுபவரை முடிக்க விடாமல் பதில் சொன்னேன். எங்கள் வீட்டில் எல்லோரும் அப்படித்தான் பேசுவோம். மூன்றாவது தடவை எழுதுவேனா என்று கேட்காதீர்கள், அம்மா தினமும் கேட்கிறார். பதவி வராவிட்டாலும் வாடகை வழக்குகளில் எனக்குச் சலிப்பு தட்டவில்லை. நீதிபதி ஆகும் வரை இடையில் செய்ய வேண்டிய வக்கீல் வேலை உங்களுக்குப் பிடிக்காது என்றால், ஆசைக்காக மட்டும் ஒன்பது பத்து வருடத்தைக் கொடுக்காதீர்கள்.

ரெடிங்கில் மாஜிஸ்திரேட் நீதிமன்றமும், பெரிய குற்ற வழக்குகளை விசாரிக்கும் கிரவுன் நீதிமன்றமும் இருக்கின்றன. பார்வையாளர் இருக்கையில் யாரும் உட்காரலாம். ஒரு வாரம் போய் உட்காருங்கள். மாஜிஸ்திரேட்டுகள் பெரும்பாலும் சட்டம் படிக்காத தன்னார்வலர்கள், ஆண்டுக்குக் குறைந்தது 13 நாள், சம்பளம் கிடையாது. தீர்ப்பு சொல்லும் இருக்கைதான் ஆசை என்றால், அந்த வழி உங்களுக்கு இதைவிடப் பக்கம்.

படிப்பதென்று முடிவு செய்தால் முதலில் தேவைப்படுவது மதிப்பெண் பட்டியலின் டிரான்ஸ்கிரிப்ட். நீங்கள் சென்னைப் பல்கலைக்கழகம் என்று எழுதியிருந்ததாக ஞாபகம். ஜனவரி 10 வரை நான் இங்கேதான் இருக்கிறேன். மயிலாப்பூரிலிருந்து சேப்பாக்கத்துக்குப் பறக்கும் ரயிலில் சில நிறுத்தங்கள்தான். ஒரு அதிகாரக் கடிதமும் சான்றிதழ் நகலும் அனுப்புங்கள், நான் போய் விசாரித்து வருகிறேன்.