புது மாத்திரை கிடைக்கும்வரை பொறுத்திருக்கலாமா?

கேள்வி: என் மகனுக்கு 20 வயது. நான்கு மாதமாகக் கல்லூரிக்குப் போவதில்லை. இரவெல்லாம் விழித்திருக்கிறான். பக்கத்து வீட்டார் தன்னைப் பற்றியே பேசுவதாகச் சொல்லி ஜன்னலைத் திறக்க விடுவதில்லை. மனநல மாத்திரை போட்டால் உடம்பு பருத்து, ஆள் மந்தமாகிவிடுவான் என்று பயமாக இருக்கிறது. எடை கூட்டாத புது மருந்து வந்திருப்பதாகப் படித்தேன். அது கிடைக்கும்வரை பொறுக்கலாமா?

பதில்: பொறுக்க வேண்டாம். இந்த வாரமே மனநல மருத்துவரிடம் அழைத்துப் போங்கள்.

நேரில் பார்க்காமல் நோயின் பெயரைச் சொல்ல மாட்டேன். ஆனால் தூக்கம் கெடுவது, படிப்பை விடுவது, ஆதாரமில்லாத சந்தேகம் மூன்றும் சேர்ந்து மாதக்கணக்கில் நீடித்தால் சைக்கோசிஸின் (எது நிஜம், எது மனம் கற்பிப்பது என்று பிரித்தறிய முடியாமல் போகும் நிலை) தொடக்கமா என்று பார்த்தே ஆக வேண்டும். பெரும்பாலும் இந்த வயதில்தான் அது தலைகாட்டும். சிகிச்சை இல்லாமல் கழியும் காலம் நீள நீள, நோய் மருந்துக்கு அடங்குவது கடினமாகும். குறைந்த அளவு மருந்து, பேச்சு சிகிச்சை, குடும்பத்துக்கான பயிற்சி, படிப்பையும் வேலையையும் தொடர உதவி இவற்றை ஒரே குழுவே தரும் முறையை அமெரிக்காவில் 404 பேரிடம் சோதித்தார்கள். 2015இல் வெளியான அந்த ஆய்வில் வழக்கமான சிகிச்சையைவிட இதில் வாழ்க்கைத் தரம் கூடுதலாக உயர்ந்தது. நோய் தொடங்கி 74 வாரத்துக்குள் வந்தவர்களுக்குப் பலன் இன்னும் அதிகம். உங்கள் மகனுக்கு நான்கு மாதம்தான் ஆகிறது. இது பெரிய சாதகம், கைநழுவ விடாதீர்கள்.

வர மறுப்பான் என்று தெரியும். "யாரும் உன்னைப் பேசவில்லை" என்று வாதாடாதீர்கள், ஆமோதிக்கவும் வேண்டாம். "தூக்கமில்லாமல் தவிக்கிறாய், அதற்காவது டாக்டரைப் பார்ப்போம்" என்று தொடங்குங்கள். பெரும்பாலும் அதற்குச் சம்மதிப்பார்கள். சாப்பாட்டில் மாத்திரையைக் கலந்து கொடுப்பது மட்டும் வேண்டவே வேண்டாம். ஒரு நாள் கண்டுபிடித்துவிட்டால் வீட்டார் மீதும் அவனுக்குச் சந்தேகம் வந்துவிடும், பிறகு எந்த மாத்திரையையும் தொடமாட்டான். போகும்போது ஒரு தாளில் எழுதிக்கொண்டு போங்கள்: எந்த மாதம் என்ன மாறியது, எத்தனை மணி நேரம் தூங்குகிறான், கஞ்சா பழக்கம் உண்டா, தலையில் அடிபட்டதா, குடும்பத்தில் யாருக்காவது மனநோய் இருந்ததா.

நீங்கள் படித்தது சானோமெலின், டிராஸ்பியம் இரண்டும் சேர்ந்த மாத்திரையாக இருக்கும். 2024 செப்டம்பரில் அமெரிக்காவில் மனச்சிதைவுக்கு (ஸ்கிசோஃப்ரினியா, சைக்கோசிஸ் நீடிக்கும் நோய்) அனுமதி பெற்றது. பழைய மருந்துகள், மூளையில் செய்தி கடத்தும் டோபமின் என்ற வேதிப்பொருளை வாங்கிக்கொள்ளும் ஏற்பிகளில் நேரடியாக வேலை செய்பவை. சானோமெலின் மூளையில் எம்1, எம்4 என்ற மஸ்கரினிக் ஏற்பிகளைத் தூண்டி, டோபமினைச் சுற்றுவழியில் தணிக்கிறது. அதே ஏற்பிகள் குடலிலும் இருப்பதால் வாந்தி வரும். அதைத் தடுக்கத்தான் அந்த ஏற்பிகளை அடைக்கும், ஆனால் மூளைக்குள் எளிதில் நுழையாத டிராஸ்பியத்தைச் சேர்த்திருக்கிறார்கள். அப்படியும் குமட்டல், மலச்சிக்கல், வேகமான நாடித்துடிப்பு, சிறுநீர் அடைப்பு வரலாம். கல்லீரல் சோதனை அவசியம். தினம் இருவேளை, சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் முன்போ இரண்டு மணி நேரம் கழித்தோ போட வேண்டும். எடை பெரிதாகக் கூடுவதில்லை என்பது உண்மைதான். ஆனால் அனுமதிக்கு அடிப்படையான சோதனைகள் ஐந்து வாரம் மட்டுமே நடந்தவை. ஏற்கெனவே மனச்சிதைவு உறுதியாகி, நோய் தீவிரமான பெரியவர்களிடம் நடந்தவை. நல்ல வரவுதான், ஆனாலும் இதற்காக ஒரு மாதம்கூடத் தள்ளிப்போட மாட்டேன்.

உங்கள் எடை பயம் நியாயமானது, மருத்துவரிடம் முதல் நாளே சொல்லுங்கள். வழக்கமான மருந்துகளில் ஒலான்சபின் அதிகம் எடை போட வைக்கும், ரிஸ்பெரிடோன் நடுத்தரம், அரிபிப்ரசோல் குறைவு. மருந்து தொடங்குமுன் எடை, இடுப்புச் சுற்றளவு, ரத்த அழுத்தம், சர்க்கரை, கொழுப்பு பார்த்துக் குறித்துவையுங்கள். முதல் ஆறு வாரம் வாரம் ஒருமுறை எடை பாருங்கள், மூன்றாம் மாதம் ரத்தப் பரிசோதனையைத் திரும்பச் செய்யுங்கள். எடை ஏறத் தொடங்கினால் சர்க்கரை நோய்க்குத் தரும் மெட்ஃபார்மின் மாத்திரையைச் சேர்ப்பதுண்டு, 10 கிலோ ஏறும்வரை சும்மா இருக்க வேண்டியதில்லை. மந்தம் என்று நீங்கள் சொல்வது பல நேரம் அளவு கூடிப்போனதன் விளைவு. முதல் முறை நோய் வந்தவர்களுக்குக் குறைந்த அளவே போதும்.

இன்னொன்று: மருந்து தொடங்கிய சில நாளில் உட்கார முடியாமல் நடந்துகொண்டே இருந்தால், காலை ஆட்டிக்கொண்டே இருந்தால், நோய் முற்றிவிட்டது என்று நினைத்துவிடாதீர்கள். அது அகதீசியா என்ற பக்கவிளைவாக இருக்கலாம். அளவைக் குறைத்தால் சரியாகும், கூட்டினால் மோசமாகும். அன்றே மருத்துவரிடம் சொல்லுங்கள்.

தூக்கமும் பதற்றமும் சில நாளில் சீராகும், சந்தேகம் கரைய நான்கிலிருந்து ஆறு வாரம் ஆகலாம். "இப்போது நன்றாகத்தானே இருக்கிறான்" என்று மாத்திரையை நிறுத்துவதுதான் மறுபடி விழவைக்கும் முதல் காரணம். குணமான பிறகும் ஓரிரு ஆண்டு தொடர்ந்து, மருத்துவர் கண்பார்வையில் மெல்லக் குறைக்க வேண்டும். தினமும் போட மறந்தால் மாதம் ஒருமுறை, மூன்று மாதத்துக்கு ஒருமுறை போடும் ஊசிகளும் உண்டு. இரண்டு மருந்துகளைச் சரியான அளவில் தலா ஆறு வாரம் கொடுத்தும் அடங்கவில்லை என்றால் குளோசபினைத் தள்ளிப்போடாதீர்கள் என்று நீங்களே கேளுங்கள். ரத்த வெள்ளணுக்களைத் தவறாமல் பார்க்க வேண்டிய மருந்து என்பதாலேயே பலர் அதைத் தாமதமாகத் தொடங்குகிறார்கள்.

காய்ச்சல், வலிப்பு, ஆள் அடையாளம் தெரியாத குழப்பம் இவற்றில் ஏதாவது சேர்ந்தால் மூளை அழற்சியாக இருக்கலாம், நேராக அவசர சிகிச்சைக்குப் போங்கள். சாவைப் பற்றிப் பேசினாலோ, யாரையாவது தாக்கச் சொல்லிக் குரல் கேட்பதாகச் சொன்னாலோ அதேபோல. மருத்துவமனை போய்ச் சேரும்வரை அவனைத் தனியாக விடாதீர்கள், வீட்டிலுள்ள பூச்சிமருந்து, மாத்திரைகள், கத்தி எல்லாவற்றையும் பூட்டிவையுங்கள்.