டிபி நோயாளியின் அறையில் யூவி விளக்கு போடலாமா?

கேள்வி: என் அப்பாவுக்கு (62) நுரையீரலில் டிபி. 10 நாளாக மாத்திரை சாப்பிடுகிறார். வீட்டில் என் 3 வயது மகள் இருக்கிறாள். பயந்துபோய் ஆன்லைனில் கிருமி கொல்லும் யூவி டியூப் லைட் ஒன்றை வாங்கிவிட்டேன். இரவு முழுக்க அப்பாவின் அறையில் எரியவிடலாமா?

பதில்: வேண்டாம். ஆள் இருக்கும் அறையில் ஒரு நிமிடம்கூட வேண்டாம். இந்த டியூப்பிலிருந்து வரும் யூவி-சி கதிர் கருவிழியையும் தோலையும் புண்ணாக்கிவிடும். அப்போதைக்கு ஒன்றும் தெரியாது. சில மணி நேரம் கழித்துத்தான் கண்ணில் மணல் விழுந்ததுபோல் உறுத்தும், நீர் கொட்டும். ஏற்கெனவே போட்டுப் பார்த்து அப்படி இருந்தால் கண் மருத்துவரிடம் காட்டுங்கள்.

சரி, அப்பா வெளியே இருக்கும்போது போடலாமே என்று தோன்றும். 254 நானோமீட்டர் அலைநீளமுள்ள இந்தக் கதிர் பாக்டீரியாவின் டிஎன்ஏவைச் சிதைத்து, அது பெருக முடியாமல் செய்துவிடும் என்பது உண்மை. டிபி கிருமிக்கும் அதே கதிதான். ஆனால் டிபி தட்டு, டம்ளர், தரை வழியாகப் பரவுவதில்லை. இருமும்போது காற்றில் கலக்கும் நுண்துளிகளால் பரவுகிறது. விளக்கை அணைத்த பிறகு அப்பா உள்ளே வந்து இருமினால் காற்றில் மறுபடியும் கிருமி. அப்புறம் எதற்கு அந்த விளக்கு?

மருத்துவமனைக் கதை வேறு. அமெரிக்காவின் பால்டிமோரில் 1950களில் ரிச்சர்ட் ரைலி என்ற மருத்துவரின் குழு, டிபி வார்டின் காற்றைக் கினிப் பன்றிகளின் கூண்டுகளுக்குள் குழாய் வழியாகச் செலுத்தியது. அந்தக் காற்றை அப்படியே சுவாசித்தவற்றுக்கு டிபி தொற்றியது. யூவி பட்டு வந்த காற்றைச் சுவாசித்தவை தப்பின. இன்று வார்டுகளில் சுமார் 7 அடிக்கு மேலே, கதிர் கீழே இறங்காதபடி தடுப்பு வைத்து இவ்விளக்கைப் பொருத்துகிறார்கள். கீழ்க்காற்று மேலே போய்வர மின்விசிறி ஓடும், ஆள் நிற்கும் உயரத்தில் கதிர் அளவை மீட்டர் வைத்துப் பார்ப்பார்கள். ஆன்லைன் டியூப்பில் இதெல்லாம் நடக்காது.

உங்கள் வீட்டுக்கு ஜன்னல் போதும். எதிரெதிரே இரண்டைத் திறந்து வையுங்கள், ஏசி வேண்டாம். அப்பா தனியாகப் படுக்கட்டும். மற்றவர்களோடு இருக்கும்போது மாஸ்க் போடட்டும். சளியை மூடியுள்ள டப்பாவில் துப்பட்டும். மருந்துக்குக் கட்டுப்படும் கிருமியாக இருந்தால், மாத்திரையை விடாமல் சாப்பிட்டாலே பொதுவாக இரண்டு வாரத்தில் பரவும் வேகம் வெகுவாகக் குறைந்துவிடும். மருந்துக்கு அடங்காத வகையா என்று சளிப் பரிசோதனை முடிவைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

எனக்குக் கவலை விளக்கைப் பற்றியல்ல, உங்கள் மகளைப் பற்றி. 5 வயதுக்குட்பட்ட குழந்தைக்குத் தொற்றினால் நோய் சீக்கிரம் முற்றும். இந்த வாரமே அரசு ஆரம்ப சுகாதார நிலையத்தில் காட்டுங்கள். நோய் இல்லை என்று உறுதியானால் தடுப்பு மாத்திரை தருவார்கள், இலவசம்தான். வீட்டில் மற்ற எல்லோரும் பரிசோதித்துக்கொள்ள வேண்டும்.

டியூப்பைக் கடையில் திருப்பி வாங்கிக்கொண்டால் கொடுத்துவிடுங்கள். இல்லையென்றால் குழந்தைக்கு எட்டாத இடத்தில் வையுங்கள்; இந்த வகை டியூப்களில் பாதரசம் இருக்கும், உடையக் கூடாது.