பழைய டிவியில் படம் மங்கலாகத் தெரிகிறதா? பேனலைக் குறை சொல்லும் முன் மெனுவைப் பாருங்கள்

கேள்வி: எங்கள் வீட்டில் இருப்பது 32 அங்குல எல்சிடி டிவி. வாங்கி 11 வருடம் ஆகிறது. சில மாதங்களாகப் படம் தெளிவாகவே இல்லை. முகங்கள் மழுங்கித் தெரிகின்றன, ஓரங்களில் நிறம் கசிகிறது, திரையின் அடியில் ஓடும் எழுத்துகளைப் படிக்க முடியவில்லை. செட் டாப் பாக்ஸ் பழுதாகிப் புதியது மாற்றியதிலிருந்துதான் இப்படி என்று மனைவி சொல்கிறார். எனக்கு உறுதியாகச் சொல்லத் தெரியவில்லை. பென் டிரைவில் போட்டுப் பார்க்கும் குடும்பப் படங்கள் மட்டும் நன்றாகத் தெரிகின்றன. வந்து பார்த்த மெக்கானிக், பேனலுக்கு வயதாகிவிட்டது, வேறு டிவி வாங்கிவிடுங்கள் என்கிறார். வாங்கத்தான் வேண்டுமா?

பதில்: வேண்டாம். நீங்கள் எழுதியதை வைத்துப் பார்த்தால் உங்கள் பேனல், அதாவது படம் காட்டும் திரை, நன்றாகவே இருக்கிறது. பென் டிரைவில் உள்ள படமும் அதே பேனலில்தான் தெரிகிறது. பேனல் கெட்டிருந்தால் அந்தப் படமும் சேர்ந்து கெட்டிருக்க வேண்டுமே. உங்கள் மனைவி சொல்வதுதான் சரியான துப்பு.

வயதானால் படம் மங்கும் என்பது பழைய பிக்சர் டியூப் டிவிகளைப் பார்த்து வந்த நம்பிக்கை. அங்கே அது உண்மை. டியூபில் எலக்ட்ரானை உமிழும் கேத்தோடு என்ற பகுதி தேயத் தேய எலக்ட்ரான் கற்றை வலுவிழக்கும், ஃபோகஸ் நழுவும், எல்லாம் கலங்கலாகிவிடும். எல்சிடி பேனலில் புள்ளிகள் கண்ணாடிக்குள் நிலையாகப் பதிக்கப்பட்டவை. அவை இடம் மாறாது, ஒன்றோடொன்று கலக்காது. அதற்கு வயதானால் வெளிச்சம் குறையும், நிறம் ஒரு பக்கம் சாயும், கோடு விழும், திட்டுத் திட்டாக இருட்டும். ஆனால் முகம் மழுங்குவதும் எழுத்தின் ஓரம் கசிவதும் பேனலின் முதுமைக்கு அடையாளம் இல்லை. படம் டிவிக்கு வந்து சேரும் முன்பே கெட்டிருக்கிறது, அல்லது டிவியின் அமைப்புகள் அதைக் கெடுக்கின்றன.

உறுதி செய்துகொள்ள ரிமோட்டில் மெனு பொத்தானை அழுத்துங்கள். செட் டாப் பாக்ஸ் ரிமோட் வேண்டாம், டிவியின் ரிமோட். திரையில் வரும் மெனு எழுத்துகளை டிவியே வரைகிறது. வெளியிலிருந்து எந்த வயரும் அதைக் கொண்டுவருவதில்லை. அந்த எழுத்துகள் கூர்மையாக இருந்து, பின்னால் ஓடும் படம் மட்டும் மங்கலாக இருந்தால் பேனலைப் பற்றிய பேச்சையே விட்டுவிடலாம். இந்த ஒரு நிமிடச் சோதனையைச் செய்யாமல் யார் பேனல் போய்விட்டது என்று சொன்னாலும் ஏற்காதீர்கள்.

சரி, படம் எங்கே கெடுகிறது? பெரும்பாலும் வயரில். புதிய பாக்ஸைப் பொருத்தியவர் மஞ்சள், சிவப்பு, வெள்ளை முனைகள் கொண்ட ஏவி வயரைச் செருகிவிட்டுப் போயிருக்கிறாரா பாருங்கள். சிவப்பும் வெள்ளையும் ஒலிக்கு. முழுப் படமும் அந்த ஒற்றை மஞ்சள் வயர் வழியாகத்தான் வர வேண்டும். வெளிச்சத் தகவலையும் நிறத் தகவலையும் ஒரே சிக்னலாகக் கலந்து அனுப்பும் பழைய முறை அது. டிவி இரண்டையும் மறுபடி பிரிக்க முயலும்போது முழுமையாகப் பிரியாது. நிறம் ஓரங்களில் வழியும், எழுத்துகளைச் சுற்றிப் புள்ளிகள் ஊரும். நீங்கள் சொல்லும் நிறக் கசிவு அப்படியே இதுதான்.

இன்னொரு குறையும் அந்த வயருக்கு உண்டு. அதனால் 480 அல்லது 576 கோடுகளுக்கு மேல் கொண்டுபோக முடியாது. எச்டி சேனலுக்கே சந்தா கட்டினாலும், பாக்ஸ் அதைச் சுருக்கித்தான் மஞ்சள் வயரில் ஏற்றும். டிவி அதை வாங்கி மறுபடி விரிக்கும். சுருக்கும்போது தொலைந்த விவரம் விரிக்கும்போது திரும்பி வராது.

ஆகவே முதல் வேலை, பாக்ஸிலிருந்து டிவிக்கு எச்டிஎம்ஐ வயர் போடுவது. 11 வருட டிவியில் அந்தத் துளை பெரும்பாலும் இருக்கும். பின்பக்கம் இல்லையென்றால் பக்கவாட்டில் தேடுங்கள். வயர் சாதாரணமானதே போதும். தங்க முலாம் பூசியது என்று விலை கூட்டி விற்பதால் படம் ஒரு துளியும் கூடாது, ஏனென்றால் இது டிஜிட்டல் சிக்னல். நல்ல வயர் என்றால் படம் முழுதாக வரும். கெட்ட வயர் என்றால் மினுக்கும் புள்ளிகள் தெறிக்கும், படம் விட்டு விட்டு வரும் அல்லது வரவே வராது. எச்டிஎம்ஐ வயரால் படம் லேசாக மழுங்குவது என்ற ஒன்று கிடையாது. செருகிய பிறகு டிவி ரிமோட்டில் சோர்ஸ் பொத்தானை அழுத்தி அந்த எச்டிஎம்ஐ எண்ணைத் தேர்ந்தெடுக்க மறக்க வேண்டாம்.

பாக்ஸில் எச்டிஎம்ஐ இல்லாமல் பச்சை, நீலம், சிவப்பு என்று மூன்று துளைகள் இருந்தால் அந்த காம்பொனென்ட் வயரும் நல்லதே, எச்டி படத்தைத் தாங்கும். ஒன்றில் மட்டும் கவனம்: சில டிவிகளில் பச்சைத் துளையையே மஞ்சள் வயருக்கும் சேர்த்து வைத்திருப்பார்கள். சோர்ஸைத் தவறாகத் தேர்ந்தெடுத்தால் படம் கறுப்பு வெள்ளையாக வரும். அது பழுது இல்லை.

அப்புறம் பாக்ஸின் அமைப்புகள். வயரை மாற்றியும் படம் தேறவில்லை என்றால் காரணம் பெரும்பாலும் இங்கே இருக்கும். பாக்ஸ் மெனுவில் வீடியோ அவுட்புட் அல்லது ரெசல்யூஷன் என்ற இடத்துக்குப் போங்கள். அது 576i (அதாவது 576 கோடுகள்) என்று இருந்தால் எச்டிஎம்ஐ போட்டும் எச்டி படம் வராது. 720p, 1080i இரண்டையும் வைத்துப் பாருங்கள். அந்தக் காலத்து 32 அங்குல டிவிகளில் பல, முழு எச்டி இல்லை. 1366 x 768 புள்ளிகள் கொண்டவை. அவற்றில் சில 720p சிக்னலில் நன்றாகக் காட்டும், சில 1080i சிக்னலில். எது கண்ணுக்குத் தெளிவோ அதை வைத்துக்கொள்ளுங்கள். அங்கேயே படத்தின் அகல உயர விகிதம் 4:3 என்று இருந்தால் 16:9 ஆக மாற்றுங்கள். பாக்ஸ் சுருக்கி அனுப்பியதை டிவியில் ஜூம் வைத்து நிரப்பிப் பார்ப்பவர்கள் நிறையப் பேர். சில சமயம் முகம் அகன்று தெரியும், இருக்கிற தெளிவும் போய்விடும்.

இத்தனைக்குப் பிறகும் சில சேனல்கள் மட்டும் சுமாராகத் தெரிந்தால் அவை பெரும்பாலும் எஸ்டி, அதாவது எச்டி அல்லாத சாதாரணத் தெளிவுச் சேனல்கள். 720 x 576 என்றால் ஏறத்தாழ 4.15 லட்சம் புள்ளிகள். உங்கள் திரையிலோ 10 லட்சத்துக்கு மேல். மீதியை டிவி ஊகித்து நிரப்புகிறது. இதைப் பழுது என்று எண்ணி அலைய வேண்டாம். கொஞ்சம் தள்ளி உட்கார்ந்து பார்ப்பது உண்மையிலேயே உதவும்.

டிவியின் சொந்த அமைப்புகளில் எனக்குப் பெரிய சண்டை ஷார்ப்னெஸோடுதான். பெயரைப் பார்த்துவிட்டு எல்லோரும் அதைக் கூட்டுகிறார்கள். அது இல்லாத விவரத்தைக் கொண்டுவராது. ஓரங்களில் செயற்கையாக ஒரு வெள்ளைக் கோடு வரைகிறது, படத்தோடு வந்த இரைச்சலையும், அதாவது தேவையற்ற புள்ளிகளையும், தூக்கிக் காட்டுகிறது. எழுத்து ஓடும் சேனல் ஒன்றை வைத்து, எழுத்தைச் சுற்றியுள்ள அந்தக் கோடு மறையும்வரை ஷார்ப்னெஸைக் குறையுங்கள். முதல் நாள் படம் மென்மையாகத் தோன்றும், இரண்டு நாளில் கண் பழகிவிடும். பிக்சர் மோடு விவிட் அல்லது டைனமிக் என்று இருந்தால் ஸ்டாண்டர்டு அல்லது சினிமாவுக்கு மாற்றுங்கள். நாய்ஸ் ரிடக்‌ஷன் உச்சத்தில் இருந்தால் முகங்கள் மெழுகு பூசியது போலாகும், லோ போதும். கறுப்பு சாம்பலாக வெளிறியிருந்தால் எச்டிஎம்ஐ பிளாக் லெவலை லோ, நார்மல் என்று மாற்றிப் பாருங்கள்.

படம் கட்டம் கட்டமாக உடைந்தால், உறைந்து நின்றால், அது வேறு கதை. சிக்னல் போதவில்லை. டிஷ்ஷிலிருந்து வரும் வயரின் முனைகளைப் பாருங்கள். துருவும் உள்ளே இறங்கிய மழைநீரும்தான் வழக்கமான காரணங்கள். பாக்ஸ் மெனுவில் சிக்னலின் வலுவும் தரமும் தனித்தனியாகக் காட்டும். தரம் முக்கியம். வலு நிறைய இருந்து தரம் குறைவாக இருந்தாலும் படம் உடையும்.

உண்மையிலேயே டிவிக்குள் பழுது இருந்தால் அது எப்படித் தெரியும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். மெனு உட்பட எல்லாமே மங்கிய வெளிச்சத்தில் தெரிந்தால் முதலில் எக்கோ அல்லது எனர்ஜி சேவிங் அமைப்பை அணைத்துப் பாருங்கள். அறை வெளிச்சத்துக்கேற்ப அது திரையை இருட்டாக்கும். அப்படியும் மாறாவிட்டால் பேக்லைட், அதாவது பேனலுக்குப் பின்னாலிருந்து ஒளி தரும் விளக்கு, தளர்ந்திருக்கலாம். ஒலி மட்டும் வந்து திரை முழுக்க இருண்டிருந்தால், இருட்டறையில் டார்ச்சைத் திரைக்கு நெருக்கமாகச் சாய்த்து அடியுங்கள். உள்ளே படம் நிழல்போல அசைந்தால் பேனல் உயிரோடு இருக்கிறது, போனது பேக்லைட்டோ அதற்கு மின்சாரம் தரும் போர்டோதான். வட்ட வட்டமாக வெள்ளைப் பொட்டுகள் தெரிந்தால், எல்இடி பேக்லைட்டின் மேல் ஒட்டியிருக்கும் சிறு லென்ஸ்கள் கழன்று விழுந்திருக்கும். இவையெல்லாம் சரிசெய்யக் கூடியவை. விரிசல், உள்ளே மை கொட்டியது போன்ற கறை, மெனுவின் மேலும் விழும் நிலையான செங்குத்துக் கோடு ஆகியவை பேனல் பழுது. கோடு சில சமயம் உள்ளே உள்ள ரிப்பன் இணைப்பால் வரலாம். மற்றவற்றுக்குப் பேனலையே மாற்ற வேண்டியிருக்கும், அந்தச் செலவு பழைய டிவிக்குக் கட்டாது.

டிவியின் பின்மூடியை மட்டும் நீங்கள் திறக்க வேண்டாம். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் பவர் போர்டின் கெபாசிட்டர்களில் மின்சாரம் தங்கியிருக்கும். பிக்சர் டியூப் டிவி வைத்திருப்பவர்களுக்கு இதை இன்னும் அழுத்திச் சொல்கிறேன்: அந்த டியூபில் 20,000 வோல்ட்டுக்கு மேல் இருக்கும்.

உங்கள் மெக்கானிக்கை மறுபடி அழைப்பதாக இருந்தால், வயரையும் பாக்ஸ் அமைப்பையும் மாற்றிப் பார்த்த பிறகு அழையுங்கள். வந்ததும் டிவி மெனுவையும் பென் டிரைவ் படத்தையும் அவர் முன்னால் ஓடவிட்டு, இதில் எங்கே பழுது தெரிகிறது என்று காட்டச் சொல்லுங்கள்.